கோடையில் சாளைக் காவலும் நாயோடு நடையும்

சித்திரை, வைகாசியில் பிள்ளைகளுக்கு லீவு. தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் பத்து நாள் வெளியூர் போவதென்றால் அப்போதுதான். "அண்ணா, சாளையையும் நாயையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தாராபுரம் பக்கம் எனக்கு இது வருஷாவருஷம் வருகிற வேலை. பகலெல்லாம் கட்டிக் கிடக்கும் நாயைக் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போகத்தான் வேண்டும்.

சாவி வாங்கும்போதே மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டை எங்கே? கால்நடை மருத்துவர் நம்பர் என்ன? பக்கத்துக் காட்டில் யார் என்ன மருந்து அடித்திருக்கிறார்கள்? பேங்க்கில் சார்ஜ் எடுக்கும்போது பணத்தை எண்ணிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். மருந்தடித்த காட்டில் நடந்து வந்த நாய் காலை நக்கும். காலில் ஒட்டிய பூச்சிக்கொல்லி வாய் வழியே உள்ளே போகும். எலிக்கு வைத்த விஷமும் காட்டுப்பன்றிக்கு வைத்த வெடியும் நாயென்று பார்க்காது. வேலிக்கு அப்பால் கயிறு இல்லாமல் விடாதீர்கள்.

அடுத்தது வெயில். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வேர்ப்பதோடு சரி. மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தே வெளியேற்ற வேண்டும். அதன் உடல் வெப்பம் சாதாரணமாக 38, 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எச்சில் ஒழுகி, கால் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, கால் எல்லாம் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கிளம்பும் முன் புறங்கையை மண்ணில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். நமக்குப் பொறுக்காத சூடு அதற்கும் பொறுக்காது. காலை ஏழு மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது.

கொஞ்சம் தாமதமாகி வெயில் ஏறிவிட்டால் நாய் எங்கே கால் வைக்கிறது என்று கவனியுங்கள். உழுதுபோட்ட வெறும் காட்டில் நிற்காமல் ஓடும். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டுக்குள் நுழைந்ததும் நடை தளரும். மேலே வெள்வேல மர நிழல், கீழே காய்ந்த கொழுக்கட்டைப் புல். புல் செத்தமாதிரி தெரிந்தாலும் தூர் உயிரோடு இருக்கும். ஒரு மழை பெய்தால் துளிர்க்கும். தென்னந்தோப்பிலும் இதே கதைதான். மட்டையைப் பொறுக்கி எரித்துச் சுத்தமாக வைத்த தோப்பில் நாய் படுக்காது. மட்டையும் சருகும் மூடாக்காகக் கிடக்கிற வட்டப்பாத்தியில் காலால் பறித்துக்கொண்டு படுக்கும். கோடை மதியத்தில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். மூடாக்குக்குக் கீழே சூடு வெகுவாகக் குறைந்து ஈரமும் நிற்கும். நாய் தேடுவது இந்தக் குளிர்ச்சியைத்தான். மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் வேண்டியது அதேதான். கோடை உழவு வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டுப்புழுவெல்லாம் மேலே வந்து மைனாவும் கொக்கும் பொறுக்கித் தின்னும். ஆனால் நாய் படுக்க ஒரு மூலைகூட இல்லாத தோட்டம் என்றால், மூடாக்கை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அன்றைக்கே பார்த்து வையுங்கள்.

ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே சுற்றிக் கத்தினால் அங்கேயே நின்று வேறு வழியாகத் திரும்புங்கள். வெறும் தரையில் முட்டையிட்டிருக்கும். பூச்சி பிடிக்கிற பறவை, நமக்கு வேண்டியவர்.

மாலை நடையில் இருட்டிவிட்டால் டார்ச்சும் தடியும் கட்டாயம். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து மனுசனுக்குப் போடுகிற விஷமுறிவு மருந்தையே நாய்க்கும் போடுவார்கள். முதலிலேயே நம்பர் கேட்டு வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வீடு திரும்பியதும் தண்ணீர் வையுங்கள். விரலிடுக்கில் சீமைக்கருவேல முள் ஏறியிருக்கிறதா, காது மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணியை விரலால் நசுக்காமல் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.