செவுளின் உப்புக் கணக்கு

நீரை வடிகட்டிப் பருகுவதை ஆசாரமாகக் கொண்ட சமணர்களின் திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதரைத் தரிசித்துவிட்டு மழைக்காலத்து வேகவதிக் கரையோரமாக நடப்பவர், விரல் நீளக் கெண்டைகள் ஓடும் நீரை எதிர்த்து நிற்பதையும், அவற்றின் செவுள் மூடிகள் ஓயாமல் திறந்து மூடுவதையும் காணலாம். அந்த அசைவு மூச்சுக்காக மட்டுமே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உடலின் உப்பையும் அந்தச் செவுளே காக்கிறது என்று அறிந்தபின், அச்சிறு ஜீவனிடம் எனக்குண்டான மதிப்பு பன்மடங்காயிற்று.

எலும்புடைய மீன்களின் ரத்தத்திலுள்ள லவணம் கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆற்றுநீரில் இருப்பதைவிடவோ மிக அதிகம். மெல்லிய சவ்வின் இருபுறமும் உப்புச் செறிவு வேறுபட்டால், செறிவு மிகுந்த பக்கத்துக்கு நீர் ஊறிச் செல்வது இயற்கை. ஆதலால் வேகவதிக் கெண்டையின் சரீரத்துக்குள் நீர் இடையறாது புகுகிறது, உப்போ வெளியே கசிகிறது. அது நீர் குடிப்பது அரிது. புகுந்த நீரைச் சிறுநீரகம் ஏராளமாக வெளியேற்ற, இழந்த உப்பைச் செவுள், ஆற்றில் அணுவளவே கரைந்திருப்பினும், பெரும் பிரயத்தனத்தோடு மீட்டுக்கொள்கிறது.

வேகவதி பாலாற்றோடு கூட, பாலாறு வாயலூருக்கருகே கடலை அடைகிறது. அங்கே நிலைமை தலைகீழ். சுற்றிலும் சமுத்திரமிருந்தும் தாகத்தால் வாடக்கூடிய பிராணி கடல் மீன். ஏனெனில், அதன் உடல்நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள அந்நீரையே அது குடிக்கிறது என்று 1930-ல் ஹோமர் ஸ்மித் நிறுவினார். குடித்த நீரோடு உட்புகும் மெக்னீசியத்தைச் சிறுநீரகம் சொற்ப நீரில் கழித்துவிட, சோற்று உப்பைச் செவுளிலுள்ள விசேஷ உயிரணுக்கள் கடலுக்கே திருப்பித் தள்ளுகின்றன; 1932-ல் கீஸும் வில்மரும் விலாங்கின் செவுளில் அவற்றைக் கண்டார்கள். ஆயுள் முழுதும் உப்பில் கிடந்த மீனைக் கருவாடாக்கக் கடற்கரைப் பெண்கள் கைநிறைய உப்பை வாரித் தடவுவதைப் பார்த்தவர்க்கு, செவுளின் உழைப்பு எத்தகையது என்று விளங்கும்.

இவ்விரு வித்தையும் கற்றது கொடுவா. உப்புநீரில் பிறந்து, நன்னீரில் ஏறி வளர்ந்து, முட்டையிட மீண்டும் இறங்கும் அம்மீனை, பழைய செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்தது. அக்குஞ்சுகளை நன்னீர்க் குளத்தில் விட விரும்புவோர், உப்புநீரில் நன்னீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் காத்திருக்கிறார்கள். அவசரப்பட்டால், செவுள் புது வேலைக்குப் பழகுமுன்பே அவை மடிந்துபோகக்கூடும்.