கோழிகளின் மூச்சு நோயும் பரிசோதனைசாலையும்

கம்பம் பள்ளத்தாக்கின் குடியானவர்கள் கோழிகளுக்கு வரும் கொள்ளை நோயை வெள்ளைக் கழிச்சல் என்பர். வாய் பிளந்து மூச்சு வாங்குதல், தொண்டையில் கரகரப்பு, வெண்மையும் பச்சையுமாகக் கழிதல், கழுத்துத் திருகுதல் ஆகியவை இதன் குறிகளாம். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட இந்நோய், 1927-ல் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத்தில் காணப்பட்டமையால் நம் நாட்டில் ராணிக்கேத் நோய் எனப் பெயர் பெற்றது.

இக்குறிகளிற் பல பறவைக் காய்ச்சலுக்கும் உண்டு. முன்னது மனிதருக்குப் பெரும்பாலும் கண்ணோயளவில் நின்றுவிடும். பின்னது சிற்சில சமயம் உயிரையே மாய்க்கும். கேரளத்து ஆலப்புழைப் பகுதியில் 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் தோன்றிற்று. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழிகளால் அந்நாட்டுடன் நமக்கு ஓயாத போக்குவரத்து உண்டு. ஆதலின் கண்ணால் கண்டமட்டில் இன்ன நோயென்று துணிவது தகாது.

பரிசோதனை நடைபெறும் விதமாவது: கால்நடை மருத்துவர் கோழியின் தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்புவார். பரிசோதனைசாலையில் அதனை 9 முதல் 11 நாள் வளர்ந்த கருமுட்டையில் செலுத்துவர். சில நாட்களுக்குப் பின் அம்முட்டை நீரைக் கோழி இரத்தத்தின் சிவப்பணுக்களுடன் கலப்பர். இவ்விரு நோய்க் கிருமிகளும் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். ராணிக்கேத் நோய்க்குரிய எதிர்ச்சீரத்தைச் சேர்த்ததும் ஒட்டுதல் தடைப்படின், அந்நோயே என அறியலாம். கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறையில் விடை விரைவிற் கிட்டும். பறவைக் காய்ச்சல் என்ற ஐயம் எழுந்தால், போபாலிலுள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனமே அதனை உறுதி செய்யும்.

தடுப்பு மருந்திலுள்ள உயிர்க்கிருமியும் பரிசோதனையில் தென்படக்கூடும். ஆகையால் தடுப்பு மருந்து அளித்த தேதியை மருத்துவரிடம் தவறாது கூறுக.

கோழிகள் தொடர்ந்து மடியின் அன்றே கால்நடை மருந்தகத்திற்கு அறிவிக்க வேண்டும். செத்த கோழியை அறுத்துப் பார்த்தலும், முல்லையாற்றில் எறிதலும், எஞ்சியவற்றை அவசரமாகச் சந்தையில் விற்றலும் ஊர் முழுவதற்கும் கேடு விளைக்கும். பறவைக் காய்ச்சல் உறுதியானால் அரசாங்கம் அழிக்கும் கோழிகளுக்கே நஷ்டஈடு உண்டு. முன்னரே மடிந்தவற்றுக்கு இல்லை. மறைப்பதால் நஷ்டமேயன்றி லாபமில்லை என்பதைக் கிராம அலுவலர்கள் யாவர்க்கும் எடுத்துரைப்பாராக.