இந்த வரியை மெத்தைக்கும் ஒட்டலாம்!

ஒரு சின்ன விளையாட்டு. “காலத்தால் அழியாத பாரம்பரியமும் நவீன நேர்த்தியும் கைகோக்கும் அற்புதம். தேர்ந்த கைவினைஞர்களின் கைவண்ணத்தில், உங்கள் பொன்னான தருணங்களுக்காக!” எந்தப் பொருளைப் பற்றிய வரி இது, சொல்லுங்கள் பார்ப்போம். பட்டுச் சேலையா? சுவாமிமலை நடராசரா? தஞ்சாவூர் ஓவியமா? இலவம்பஞ்சு மெத்தையா?

மெத்தைக்குத்தான் ரொம்பப் பொருத்தம். ஆனால் இதை நான் எழுதியது ஒரு காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்கு. ஆமாம், நானேதான். விலை உயர்ந்த கைவினைப் பொருள்களுக்கு இணையதள வாசகம் எழுதுவதுதான் என் பிழைப்பு. ‘கைவண்ணம்’, ‘நேர்த்தி’, ‘தலைமுறைகளைக் கடந்து’ எல்லாம் விரல் நுனியிலேயே இருக்கும். நாலைத் தட்டினால் ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

இந்த முறை கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். “மேடம், இதைப் படிச்சா இது எங்க கடைச் சேலைன்னு எங்க அம்மாவுக்கே தெரியாது. ஒரு நாள் தறியைப் பாத்துட்டு எழுதுங்களேன்.” மூக்குடைந்துதான் போனேன். ஆனால் போன இடத்தில் பார்த்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்!

நடுக்கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெசவாளர் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், தறியின் ஓரத்தில், அவர் மனைவி. சேலைக்கு உடல் மாம்பழ நிறம், கரை அரக்கு. அண்ணன் நாடாவை எறிய, மாம்பழ இழை அரக்கின் எல்லை வரைக்கும் ஓடி நிற்கிறது. அங்கே கரை நாடாவின் இழை வந்து அதைக் கோத்துக்கொள்கிறது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று. இதற்குப் பெயர்தான் கோர்வை. ஒரு பக்கத்துக் கரை நாடா அக்காவின் கையில். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை, தாளம் மட்டும் தப்பவில்லை. அலமாரியில் எத்தனையோ கோர்வைச் சேலை வைத்திருக்கிறேன், அதை நெய்ய இரண்டு பேர் வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெட்கக்கேடு!

அண்ணன் முடித்து வைத்திருந்த இன்னொரு சேலையை எடுத்து, உடல் முடிந்து முந்தி தொடங்கும் இடத்தைக் காட்டினார். “கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டுங்கம்மா.” ஓட்டினேன். ஒரு மெல்லிய வரப்பு தட்டியது! முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பாவையே மாற்ற வேண்டும். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புது நிற இழையைக் கோத்து, பிறகு பழைய இழையை நறுக்கி எடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பிட்னி என்கிறார்கள். அந்த வேலையின் தழும்புதான் அந்த வரப்பு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இணையத்தில் சேலை வாங்கிய ஒருவர் அந்த வரப்பைப் பார்த்துவிட்டு, ‘டேமேஜ்’ என்று சேலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் எழுதிய ‘அற்புதம்’ அவருக்கு எதையும் சொல்லவில்லையே! அன்றே அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: “முந்தி தொடங்கும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு வரப்பு தட்டுப்படும். அது பிட்னி, குறை அல்ல.” இதை மெத்தைக்கு ஒட்டிப் பாருங்களேன். ஒட்டவே ஒட்டாது! வரப்பு இல்லாத சேலைக்கு இதை எழுதினால் நான் மாட்டிக்கொள்வேன். மாட்டிக்கொள்ள வழியே இல்லாத வரி என்றால், அதை எழுதியவர் தறியைப் பார்த்ததில்லை என்று நீங்கள் தைரியமாக முடிவு கட்டலாம்.

இனி, கடைக்குள்ளே குசுகுசுவென்று பேசிக்கொள்ளும் சமாசாரம். ‘டெஸ்டட் ஜரி’ என்று போட்டிருந்தால் என்ன நினைப்பீர்கள்? சோதித்துப் பார்த்த சரிகை என்றுதானே? நானும் அப்படித்தான் பல பக்கங்களில் பெருமையாக எழுதித் தள்ளினேன். அது செம்புக் கம்பிக்கு மேல்பூச்சு பூசிய மலிவு ரகத்தின் பெயராம்! அசல் சரிகை வேறு. பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்கமுலாம் பூச வேண்டும். அதிலும் தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட வராது, கணக்கெல்லாம் வெள்ளியில்தான். ‘தங்கத்தில் இழைத்த’ என்று நான் எழுதியதைக் கடைக்காரர் படித்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ‘ஆர்ட் சில்க்’ இன்னொரு கில்லாடி. அதில் ஆர்ட்டும் இல்லை, சில்க்கும் இல்லை, செயற்கை இழை. ‘காஞ்சி ஸ்டைல்’ என்று பார்த்தால் உடனே உஷாராகிவிடுங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சொந்தப் பெயர் இருக்கிறவர் எதற்கு ‘ஸ்டைல்’ என்று ஒட்டுப்போடப் போகிறார்?

ஒரே ஓர் இடத்தில் கடைக்காரருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. “அதையெல்லாம் எழுதணுமா மேடம்?” எழுதத்தான் வேண்டும் என்றேன். ‘மண்ணின் மணம் கமழும்’ என்று போட்டால் எந்த மண் என்று ஒருவர் கேட்கத்தானே செய்வார்? நூலும் சரிகையும் வெளியூர், கோக்கிற கை காஞ்சிபுரம் என்று எழுதினால் அந்தக் கைக்குத்தான் மதிப்பு கூடுகிறது. அரை மனதாகத் தலையாட்டினார்.

நிறங்களுக்கு வந்தால் எனக்கு வேலையே இல்லை! இணையதளப் பட்டியலில் ‘சன்செட் ஆரஞ்ச்’, ‘ராயல் ப்ளூ’ என்று யாரோ நிரப்பி வைத்திருந்தார்கள். கடையில் சேலை எடுக்க வந்த பாட்டியோ, “அந்த மயில்கழுத்தை எடுப்பா. அது வேண்டாம், வெங்காயத்தோல் கலர்ல இருக்கா?” என்று பொளந்துகட்டிக்கொண்டிருந்தார். கிளிப்பச்சை, மாந்துளிர், அரக்கு என்று பாட்டி சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். எம்.எஸ். ப்ளூ மட்டும் என்னவாம்? காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய நீலம், அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. இரண்டே எழுத்தில் ஆளும் மேடையும் நிறமும் வந்துவிடுகின்றன. சம்பளம் வாங்கும் எவரும் இதைவிட நன்றாக எழுதிவிட முடியாது. எனக்குப் பொறாமைதான்.

கோ-ஆப்டெக்ஸ் சேலைகளோடு ஓர் அட்டை வைத்தார்களே, நினைவிருக்கிறதா? நெய்தவர் படம், பெயர், நெய்ய எத்தனை நாள் ஆனது என்ற விவரம். ஒரு பெயரடை கிடையாது. ஆனாலும் சேலையை மடித்து வைக்கும்போது அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும். அதைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்திலும் ‘நெய்தவர்’ என்று ஒரு பெட்டி போட்டோம்.

எல்லாம் முடிந்ததும் பக்கத்தை அண்ணனின் போனுக்கு அனுப்பினேன். அவர் “நல்லாருக்கும்மா” என்றார். போன் கைமாறும் சத்தம். அடுத்து அக்காவின் குரல்.

“எல்லாம் சரிம்மா. கரைக்கு நாடா போட்டது யாருன்னு எழுதலையே?”

அந்தப் பெட்டியில் ஒரு பெயருக்குத்தான் இடம். இணையதளப் பையனைக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டேன். டிசைன் கெட்டுவிடும் என்று ஆரம்பித்தான். பெட்டியை அகலமாக்கு தம்பி, டிசைனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.