எலியைத் தேடி வரும் பாம்பு

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி. வரப்பில் ஒரு பாம்பு தென்பட்டால், அது இன்ன ஜாதி என்று பாராமலே தடியெடுத்து அடித்துக் கொல்வது நம் குடியானவர்களின் வழக்கம். இவ்வாறு மடிவனவற்றுள் விஷமற்ற சாரைப் பாம்புகள் பல. சாரை பகலில் இரைதேடுவது. ஆதலால் கண்ணிற் படுகிறது, அடியும் படுகிறது. மனிதனுக்கு எமனாகிய கட்டுவிரியனோ இரவில் நடமாடித் தப்பிவிடுகிறது. காவற்காரனைக் கொன்று பகைவனை விட்டுவைத்த கதையாக இது முடிகிறது.

தோற்றமும் வாழ்நாளும்

பாம்பினம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பல்லியினத்து மூதாதைகளினின்று தோன்றியது. மலைப்பாம்பின் அடிவயிற்றில், வால் தொடங்குமிடத்தில், பின்னங்கால்களின் எச்சமாகச் சிறு முட்கள் இன்றும் உள்ளன. கால்கள் மறைந்து உடல் நீண்டதனால், பூனையும் ஆந்தையும் நுழையமாட்டாத எலி வளைக்குள் பாம்பு எளிதில் நுழைகிறது. குடியானவனுக்கு இதுவே பெரிய உபகாரம்.

காப்பில் வைத்துப் பேணினால் நல்ல பாம்பு இருபது ஆண்டுகளுக்கு மேலும், மலைப்பாம்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழ்வதுண்டு. வயலிலோ கீரி, மயில், பருந்து, தடி ஆகிய அனைத்துக்கும் தப்ப வேண்டும். சாரை பெரும்பாலும் பதினைந்துக்கு மேற்படாமல் முட்டையிடும். அவற்றுள் வளர்ந்து பெரிதாவன சிலவே. எலியோ சுமார் மூன்று வாரச் சினையில் பல குட்டிகளை ஈன்று, ஆண்டில் பல முறை பெருகுவது. ஆறடிச் சாரை ஒன்றை அடித்துவிட்டால் அதற்கு ஈடு வளரப் பல ஆண்டுகள் செல்லும். எலிகளோ சில வாரங்களில் வளையை நிரப்பிவிடும். அறுத்த கதிர்களை வளைக்குள் சேர்த்து வைக்கும் எலியால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதை வரப்பை வெட்டிப் பார்த்தவர் யாவரும் அறிவர்.

சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணையும் என்ற நம்பிக்கையும் தவறானது. அவ்வாறு எழும்பிப் பின்னுவன பெரும்பாலும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகளே. சாரைக்குப் படம் இல்லை, கண்கள் பெரியவை, உதட்டோரத்தில் கருங்கோடுகள் காணப்படும்.

அஞ்சத்தக்க நான்கு

நல்ல பாம்பு எலி வளையிலும் கறையான் புற்றிலும் தங்கும். கண்ணாடி விரியன் வரப்புப் புல்லிலும் வைக்கோலிலும் படுத்திருக்கும், முதுகில் சங்கிலி போன்ற வட்டப் புள்ளிகள் உண்டு, பலமாகச் சீறும், முட்டையிடாமல் குட்டிகளை ஈனும். சுருட்டை விரியன் சிறியது. வறண்ட நிலத்துக் கற்களினடியில் வாழ்வது. கட்டுவிரியன் பளபளக்கும் கருநிறத்தில் மெல்லிய வெண்பட்டைகள் உடையது. இரவில் வீட்டினுள் நுழைந்து தரையில் உறங்குவோரைக் கடிப்பது. அக்கடியில் வலி மிகக் குறைவாதலால், கடிபட்டவர் அறியாமலே இருத்தலும் கூடும். விடியலில் வயிற்று வலியும் கண்ணிமை சரிதலும் கண்டால் இதனைச் சந்தேகிக்க வேண்டும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தனர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள்; ஏறக்குறையப் பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில் நிகழ்ந்தவை.

செய்ய வேண்டுவன

பாம்பு வீட்டுக்கு வருவது எலியைத் தேடியே. நெல்லை மூடிய குதிரிலும் பத்தாயத்திலும் வைத்தல், வைக்கோற்போரையும் விறகையும் வீட்டுக்குத் தொலைவில் அடுக்குதல், சுவரின் பொந்துகளை அடைத்தல் ஆகியவற்றால் எலி நீங்கும். எலி நீங்கினால் பாம்பின் வரவு குறையும். இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர் விளக்கும் கால்மூடிய செருப்பும் இன்றிச் செல்லலாகாது. உறங்குவோர் கட்டிலில் கொசுவலையை நன்கு செருகிப் படுத்தல் நலம்.

கடிபட்டால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், மந்திரித்தல் இவை யாவும் கேடு. மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்க முயல வேண்டா. இந்தியாவில் வழங்கும் முறி மருந்து மேற்கூறிய நான்கின் விஷத்துக்கும் உரியது. அதற்கு வேண்டிய விஷத்தை மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்து வழங்குகின்றனர். விஷம் எடுத்தபின் பாம்புகளை மீண்டும் காட்டில் விடுகின்றனர்.

கிராம அதிகாரிகள் தம் ஊருக்கு அருகில் முறி மருந்து இருக்கும் ஆஸ்பத்திரி எதுவென்று மழைக்காலத்துக்கு முன்னரே விசாரித்து, 108 என்னும் வண்டியின் எண்ணோடு சாவடியில் எழுதி வைப்பாராயின் பல உயிர்கள் பிழைக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சாரையைக் கொல்லுதல் குற்றம் என்பதையும் ஊராருக்கு உணர்த்த வேண்டும். வரப்பில் போகும் சாரைக்கு வழிவிடும் குடியானவன் தன் களத்து நெல்லையே காத்துக்கொள்கிறான்.