பழைய சர்ச் படங்களில் ஆட்களையே காணோமே, ஏன்? வட சென்னைக்கு அந்தப் படங்கள் ஏன் முக்கியம்?

'அந்தக் காலத்து மெட்ராஸ்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று ஒரு சர்ச், பின்னால் வெறும் வானம், வாசலில் ஒருத்தர்கூட இல்லை. அப்போ ஊரில் ஆளே இல்லையா? இருந்தார்கள். கேமராவில்தான் விழவில்லை.

ஆட்கள் எங்கே போனார்கள்?

விக்டோரியா மகாராணி ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரை. போட்டோ பிறந்து வளர்ந்ததும் அதே காலத்தில்தான். தொடக்கத்தில் வெள்ளி உப்பு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். நல்ல வெயிலிலும் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அசையாத சுவர் தெளிவாகப் பதியும். நடந்து போனவர் பதியவே மாட்டார். கொஞ்சம் நின்றுவிட்டு நகர்ந்தவர் புகை மாதிரி தெரிவார்.

1851-ல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். நேரம் நொடிக்கணக்குக்கு இறங்கியது. ஆனால் ஒரு சிக்கல். தகட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் படமும் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். அதனால் கேமராவோடு இருட்டுக் கூடாரத்தையும் சுமந்து போனார்கள்.

வானம் ஏன் வெறுமையாக இருக்கிறது?

அன்றைய ரசாயனத்துக்கு நீல நிறம் மட்டும் பளிச்சென்று தெரியும். நீல வானம் மொத்தமும் வெள்ளையாகிவிடும், மேகமும் அதில் கரைந்துவிடும். அதனால் சிலர் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்தார்கள். மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் அப்படிச் செய்தவர்களில் ஒருவர்.

செல்போனில் எடுத்தால் கோபுரம் சாய்கிறதே?

சர்ச் முன்னால் நின்று செல்போனை மேலே தூக்கினால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்த மாதிரி விழும். பழைய படத்தில் அது நெட்டுக்குத்தாக நிற்கும். காரணம், பெட்டி கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் தனியாக மேலே நகர்த்த முடியும். இந்த வசதியால்தான் கட்டடப் படங்கள் அவ்வளவு நேர்த்தியாக வந்தன.

தேவாலயங்களையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

கட்டடம் அசையாது, அழகாக இருக்கும், படத்தை வாங்கவும் ஆள் உண்டு. இங்கிலாந்தில் ரோஜர் ஃபென்டன் 1850-களில் லிங்கன், ஈலி போன்ற பேராலயங்களை எடுத்தார். சென்னையில் அதே காலத்தில் பிரெடரிக் ஃபீபிக் என்பவர் நகரத்தின் கட்டடங்களை எடுத்து, கையால் வண்ணமும் தீட்டினார். கல்கத்தா, மெட்ராஸ், இலங்கை உள்ளிட்ட இடங்களில் அவர் எடுத்த சுமார் 500 படங்களைக் கிழக்கிந்திய கம்பெனி 1856-ல் வாங்கியது. அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

வட சென்னைக்கு இதில் என்ன?

ராயபுரம் என்ற பெயரே இராயப்பர், அதாவது புனித பேதுரு பெயரில் வந்ததாகச் சொல்லப்படுகிறது. இங்குள்ள புனித பேதுரு ஆலயத்தை 1820-களில் எழுப்பியவர்கள் படகுக்கார மக்கள். அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்திலேயே நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய், ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் அவர்கள்தான்.

1870-களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கியது. அதோடு கரையே மாறத் தொடங்கியது. இந்தக் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மணல் வராமல் கடல் கரையை அரித்தது. இன்று எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் பாறைகளைக் கொட்டி வைத்திருப்பதும் தூண்டில் வளைவுகள் போட்டிருப்பதும் அதனால்தான்.

அதனால் இந்தப் பகுதியின் பழைய படம் கிடைத்தால் ஆலயத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓரத்தில் மணல் எவ்வளவு தூரம் தெரிகிறது, படகு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஒரு காலத்தில் கரை எங்கே இருந்தது என்பதற்கு அது சாட்சி. வாசலில் புகை மாதிரி தெரியும் உருவம்கூட, பெயர் பதிவாகாத ஒரு படகுக்காரராக இருக்கலாம்.

படத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மெல்லிய காகிதத்தில் பழுப்பு நிறமாக, கெட்டி அட்டையில் ஒட்டிய படமா? முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதமாக இருக்கலாம். 1890-கள் வரை அதுதான் அதிகம் புழங்கியது. அட்டையின் பின்னால் ஸ்டூடியோ பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டடமும் தேதி சொல்லும். சாந்தோம் பேராலயத்தின் பழைய கட்டடத்தை இடித்து, இப்போதுள்ள கூர்கோபுரக் கட்டடத்தை 1896-ல் முடித்தார்கள். படத்தில் முழுக் கூர்கோபுரம் இருந்தால் 1890-களின் நடுப்பகுதிக்கு முன்னால் எடுத்திருக்க வழியில்லை. பழைய கட்டடம் தெரிந்தால் அந்தப் படம் பொக்கிஷம். அந்த ஆலயத்தை இனி படத்தில் மட்டும்தான் பார்க்க முடியும்.

வீட்டில் இருந்தால் என்ன செய்யலாம்?

லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பசை ஒட்டும் ஆல்பமும் வேண்டாம். கடற்காற்றின் ஈரமும் பூச்சியும்தான் பெரிய எதிரி. காய்ந்த இடத்தில், காகித உறையில் வையுங்கள். படத்தை ஓரத்தில் பிடித்து இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். யார், எந்த இடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.