கதவு உள்ளிருந்துதான் அரிக்கிறது

பழைய ஜீப் வாங்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார். இன்ஜின் சத்தம் பிடித்துவிட்டால் பாதி விலை படிந்த மாதிரிதான். குனிந்து கதவின் அடிவிளிம்பைத் தடவிப் பார்ப்பவர்கள் குறைவு. பின்னால் கையைக் கடிக்கப்போகும் செலவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கோலார் தங்கவயல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைப் போல உப்புக்காற்று கிடையாது. வருடம் முழுக்க ஈரப்புழுக்கமும் இல்லை. அப்படியிருந்தும் இங்கே ஜீப், ஜிப்ஸி கதவுகள் அடியில் அரித்துப்போகக் காரணம் கதவுக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடியின் ஓரத்து ரப்பர் பீடிங் வெடித்துவிட்டால் மழைநீர் கதவுக்குள் இறங்கும். அது வெளியேறத்தான் அடித்தகட்டில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். அந்தத் துளைகளைத் தூசு அடைத்துவிடுகிறது. தங்கவயலில் தூசுக்குப் பஞ்சமில்லை. நூறாண்டுக்கு மேலாகப் பாறையை அரைத்து, சயனைடால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு இன்று மலை மலையாக நிற்கிறது. காற்று வீசினால் அந்த மாவுப்பொடி வீடு, வண்டி என்று பார்க்காமல் எங்கும் நுழையும். மக்களின் நுரையீரலுக்கு அது செய்யும் கெடுதல் தனியாகப் பேசவேண்டிய பெரிய விஷயம். அந்தப் பொடி கதவுக்குள் விழுந்து நனைந்தால் களிம்பாகி, தகட்டோடு ஒட்டிக்கொண்டு, ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

பெயிண்ட் கொப்பளித்து வெளியே தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். கொப்புளத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், பழுப்புப் பொடி கொட்டும். ஏற்கெனவே யாராவது மூடி மறைத்திருக்கிறார்களா என்று தெரியவேண்டுமா? ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் மேல் நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் கவ்வும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் வழுக்கிக் கீழே விழும்.

சரியான வேலை கதவைக் கழற்றுவதில் தொடங்குகிறது. உள்பலகை, கண்ணாடி, பூட்டு எல்லாம் வெளியே வரவேண்டும். அரித்த தகட்டைப் பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு பொருத்தவேண்டும். இங்கேதான் டிங்கரிங் மேஸ்திரியின் கை தெரியும். ஒரே இழுப்பாக வெல்டிங் வைத்தால் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும். இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்புவதுதான் முறை. பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஏற்றி ஒட்டினால் இரண்டுக்கும் நடுவே மறுபடி ஈரம் தங்கும்.

அதன்பின் வெறும் இரும்பின் மேல் எபாக்சி பிரைமர். பட்டி அதற்கு மேலேதான், அதுவும் மெல்லிசாக. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதனால் அந்தக் கட்டத்தில் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்காமல் உலர்ந்தபடியே தேய்ப்பது நல்லது. ஹார்டனர் கலந்த பெயிண்டை ஸ்ப்ரே செய்பவர் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். அதற்குரிய முகக்கவசம் வாங்கித் தருவது பட்டறை முதலாளியின் கடமை. கடைசியாக, கதவின் உள்புற அடியில் மெழுகுக் கலவை அடிக்கவேண்டும். யார் கண்ணிலும் படாத இந்த ஒரு பூச்சுதான் கதவின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இந்த நுணுக்கம் தெரிந்த கைகளுக்குத் தங்கவயலில் குறைவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த காலத்திலிருந்து வடஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சுரங்கத்தை நம்பி இங்கே குடியேறின. 1964-இல் மண்வாரி எந்திரங்கள் செய்யும் பெமல் நிறுவனம் வந்தது. அந்த எந்திரங்களோடு இன்னொரு தலைமுறை வேலை பழகியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புவதே ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு. தொழில் தெரிந்தவரை ஊரிலேயே வைத்திருக்க வேலை வேண்டும், நியாயமான கூலி வேண்டும். “ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடு மேஸ்திரி, மேலாகப் பாத்தா போதும்” என்று அவசரப்படுத்தும் வண்டிக்காரர்தான் துருவின் மேல் பட்டி பூசவைக்கிறார். அந்த வேலை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பழியோ மேஸ்திரியின் தலையில் விழும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஜீப் என்றதும் ராணுவப் பச்சை அடிக்க ஆசை வரும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. வேறு நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

தங்கவயலில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை பலக்கும். அதற்கு முன் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக் கதவின் அடித்துளைகள் ஒவ்வொன்றிலும் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி ஓரத்து இடுக்கு வழியே ஒரு குவளைத் தண்ணீரைக் கதவுக்குள் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் பெயிண்ட் டப்பா வாங்குமுன் டிங்கரிங் மேஸ்திரியைப் பாருங்கள்.