பக்கம் பக்கமாய் ஏன்?

‘நூலகம்’ என்னும் ஈழத்து மின்னூலகத்தின் பகுப்புகளில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைப் பற்றிய ஏடுகளைத் தேடிப் புரட்டும் வாசகர், பெரிய பட்டியல்கள் ஒருங்கே வராது பக்கம் பக்கமாக வருவதைக் காண்பார். பல்லாயிரம் பதிவுகளை ஒரே விசையில் அனுப்பின் வழங்கியும் தளரும். கிராமத்துக் கைப்பேசியின் டேட்டாவும் விரயமாகும்.

அடுத்த பக்கத்தை எடுப்பது எப்படி? முதல் 10,000 வரிகளைத் தள்ளிப் பின்வரும் 200ஐத் தருமாறு கேட்டால், தள்ளவேண்டிய அத்தனையையும் தரவுத்தளம் எண்ணிக் கடந்தே தீரவேண்டும். முற்பகுதியில் புதிதாக ஒரு நூல் சேர்ந்துவிடின், முன்னர்க் கண்ட தலைப்பே மீண்டும் தோன்றும்.

‘நூலகம்’ இணையத்தளத்தை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளோ, வழக்கமாக 200 தலைப்புகளைக் காட்டுவதற்கு 201 எடுத்து, காட்டாது வைத்த அந்தக் கடைசித் தலைப்பையே அடுத்த பக்கத்தின் ஆரம்ப ஸ்தானமாகக் குறித்துக்கொள்கிறது. வரிசைப்படுத்திய அட்டவணை அவ்விடத்துக்கு நேரே இட்டுச்செல்கிறது. ஐம்பதாம் பக்கத்துக்கு ஒரேயடியாகத் தாவ இயலாமை ஒன்றே குறை. பெருந்தொகுப்புக்கு இதுவே உத்தமமான முறை.